பயத்தோடு பிறந்தவர்

மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று பேரவையில் கேட்டார்கள். எடிசன், சர்.சி.வி.ராமன் எல்லாம் வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் நான் பிடித்துக்கொண்டது ஒரு தத்துவ ஞானியை. பெயர் தாமஸ் ஹாப்ஸ். தத்துவம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே! மனுசன் ஜியோமெட்ரி பைத்தியம். ஒரு வகையில் நம்ம ஆளு.

1588-ம் ஆண்டு ஏப்ரல் 5-ம் தேதி, இங்கிலாந்தில் மாம்ஸ்பரி ஊரை ஒட்டிய வெஸ்ட்போர்ட்டில் பிறந்தார். ஸ்பெயின் ராஜா பெரிய கப்பல் படையைத் திரட்டிக்கொண்டு வரப்போகிறான் என்று நாடெல்லாம் ஒரே பேச்சாக இருந்த வருஷம் அது. அந்தக் கலவரத்தில் அம்மாவுக்கு நாள் ஆவதற்கு முன்னாடியே பிரசவம் ஆகிவிட்டதாம். தான் பிறந்தபோதே பயமும் கூடவே பிறந்தது என்று அவரே வயசான காலத்தில் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

அப்பா ஒரு சின்னத் தேவாலயத்தில் பாதிரியார். படிப்பு அவ்வளவாக இல்லை, கோபம் மட்டும் நிறைய. இன்னொரு பாதிரியாரோடு தேவாலய வாசலிலேயே கைகலப்பு ஆகி, ஊரை விட்டே ஓடிவிட்டார். பையனைப் படிக்க வைத்தது பெரியப்பாவோ சித்தப்பாவோ, அப்பாவின் சகோதரர் பிரான்சிஸ். கையுறை தைத்து விற்கிற தொழில் அவருக்கு, சொந்தப் பிள்ளை கிடையாது. அவர் கொடுத்த பணத்தில்தான் ஹாப்ஸ் சுமார் 14 வயதில் ஆக்ஸ்போர்டுக்குப் போனார். இந்த இடத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு ஃபீஸ் கட்டுவது பஞ்சர் கடை வைத்திருக்கிற என் மாமா. தோலும் ரப்பரும்தான் வித்தியாசம்.

ஆக்ஸ்போர்டில் அப்போது சொல்லிக் கொடுத்த பாடம் அவருக்குப் பிடிக்கவேயில்லை. 1608-ல் பட்டம் வாங்கியதும் கேவண்டிஷ் என்ற பிரபு குடும்பத்தில் பையனுக்கு வாத்தியாராகச் சேர்ந்தார். சிஷ்யனுக்கும் ஏறக்குறைய இவர் வயசுதான்! நடுவில் சில வருஷம் தவிர, சாகும்வரை அந்தக் குடும்பத்தின் நிழலில்தான் இருந்தார். அதில் அவருக்குக் கிடைத்த பெரிய லாபம் அவர்களுடைய நூலகம். கிரேக்க மொழியில் துசிடிடிஸ் எழுதிய யுத்த வரலாற்றை இங்கிலீஷில் மொழிபெயர்த்து 1629-ல் வெளியிட்டார்.

அப்புறம்தான் விஷயமே ஆரம்பிக்கிறது. அப்போது அவருக்கு வயது 40 ஆகிவிட்டது. வெளிநாட்டுப் பயணத்தில் ஒருவர் வீட்டு நூலகத்தில் யூக்ளிட் புத்தகம் திறந்து கிடந்தது. கண்ணில் பட்டது முதல் புத்தகத்தின் 47-வது தேற்றம், நாம் பத்தாம் வகுப்பில் படித்த அதே பைத்தாகரஸ் தேற்றம். இது எப்படி முடியும், இருக்கவே இருக்காது என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். நிரூபணத்தைப் படித்தால் அது முந்தின தேற்றம் ஒன்றைக் காட்டுகிறது. அதைப் போய்ப் பார்த்தால் அது இன்னொன்றைக் காட்டுகிறது. இப்படியே பின்னாலேயே போய்ப் போய், யாரும் மறுக்க முடியாத சின்னச் சின்ன விஷயங்களில் வந்து நின்றார். அன்றிலிருந்து ஜியோமெட்ரி மேல் காதல். நாம் பாஸ் மார்க்குக்காக உருப்போடுகிற ஒன்றைப் பார்த்து ஒரு மனுசன் 40 வயதில் மயங்கியிருக்கிறான் என்றால் ஆச்சரியமாக இல்லையா?

அவர் யோசித்தது இதுதான். முக்கோணத்தை இப்படிப் படிப்படியாக நிரூபிக்க முடிகிறது. அப்படியென்றால் அரசாங்கம் எதற்கு வேண்டும் என்பதையும் அதே மாதிரி அடியிலிருந்து நிரூபிக்க முடியாதா? 1636-ல் இத்தாலியில் கலீலியோவையும் சந்தித்தார். உலகத்தில் எல்லாமே பொருட்களின் அசைவுதான், மனசும் அப்படித்தான் என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டது.

அதற்குள் இங்கிலாந்தில் ராஜா முதலாம் சார்லஸுக்கும் பார்லிமெண்டுக்கும் தகராறு முற்றிவிட்டது. ராஜாவுக்கு முழு அதிகாரம் வேண்டும் என்று ஹாப்ஸ் எழுதிய கையெழுத்துப் பிரதி பல பேர் கைக்குப் போயிருந்தது. பார்லிமெண்ட் தன்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுமோ என்று 1640-ல் பாரிஸுக்கு ஓடிவிட்டார். முதலில் ஓடியவர்களில் நானும் ஒருவன் என்று அவர் வெட்கப்படவே இல்லை. பதினோரு வருஷம் அங்கேதான். 1642-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஓடி வந்த இளவரசனுக்குக் கொஞ்ச காலம் கணக்கு வாத்தியாராகவும் இருந்தார். 1649 ஜனவரியில் ராஜாவின் தலையையே வெட்டிவிட்டார்கள்.

1651-ல் அவருடைய பெரிய புத்தகம் லண்டனில் வெளியானது. பெயர் 'லெவியாதன்'. பைபிளில் வருகிற ஒரு ராட்சச கடல் பிராணியின் பெயர் அது. முன்பக்கப் படத்தில் மலைக்குப் பின்னாலிருந்து ஒரு ராஜா எழுந்து நிற்கிறார். உற்றுப் பார்த்தால் அவர் உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டி மனுசர்கள்! ஜனங்கள் சேர்ந்ததுதான் அரசாங்கம் என்பதை ஒரே படத்தில் சொல்லிவிட்டார்.

அவர் வாதம் இப்படிப் போகிறது. மனுசர்கள் கிட்டத்தட்ட சமம். எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும் தூங்கும்போது ஒரு நோஞ்சான் கொன்றுவிடலாம், அல்லது நாலு பேர் சேர்ந்து கொன்றுவிடலாம். எல்லோரும் சமம் என்பதால் எல்லோருக்கும் எல்லோரிடமும் பயம். போட்டி, சந்தேகம், கௌரவம் இந்த மூன்றாலும் சண்டை வரும். தட்டிக் கேட்க ஆளில்லை என்றால் யாரும் விதைக்க மாட்டார்கள், கட்ட மாட்டார்கள், ஏனென்றால் நாளைக்கு அது யாருடையது என்று தெரியாது. என்னைக் கோபிக்காதே, சட்டமும் காவலும் இருக்கும்போதே நீ ஏன் ராத்திரி கதவைப் பூட்டுகிறாய் என்று படிப்பவனையே கேட்கிறார். அதனால் ஜனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, அதிகாரத்தை ஒருவரிடமோ ஒரு சபையிடமோ மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார். கொடுத்தபின் திருப்பிக் கேட்க முடியாது.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் தெருக் குழாய்தான் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் எந்த அதிகாரியும் வந்து வரிசை போட்டது கிடையாது. விடியற்காலை அம்மாக்களே குடத்தை வரிசையாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆளே இல்லாவிட்டாலும் ஒரு குடத்தை யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள். ஹாப்ஸ் சொல்வது தப்பு, மனுசனுக்குள்ளேயே ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். எழுதிய பிறகு ஒரு கோடைக்காலம் ஞாபகம் வந்தது. குழாய் வறண்டு லாரித் தண்ணீர் வந்த வருஷம். அதே அம்மாக்கள், அதே குடங்கள். லாரி நிற்பதற்குள் வரிசையும் இல்லை, ஒன்றும் இல்லை. என் அம்மாவும் ஒரு பாட்டியை இடித்துத் தள்ளினாள், நான் பார்த்தேன். அடுத்த நாள் கையில் கம்போடு ஒரு போலீஸ்காரர் வந்து நின்ற பிறகுதான் வரிசை வந்தது. எழுதியதை அடித்துவிட்டேன். ஆனாலும் அந்தப் போலீஸ்காரர் தன் வீட்டுக்கு முதலில் பிடித்துக்கொண்டு போனால் யாரிடம் கேட்பது? ஹாப்ஸிடம் இதற்குச் சரியான பதில் இல்லை. பிற்பாடு ஜான் லாக் 1689-ல் வெளியிட்ட புத்தகத்தில் அங்கேதான் கை வைத்தார். அரசாங்கம் நம்பிக்கையைக் கெடுத்தால் மாற்ற ஜனங்களுக்கு உரிமை உண்டு என்றார்.

ஆனால் ஹாப்ஸிடமும் ஒரு பொறி உண்டு. தன் உயிரைக் காத்துக்கொள்கிற உரிமையை மட்டும் எவனும் எந்த ஒப்பந்தத்திலும் கொடுத்துவிட முடியாது. அரசாங்கத்தால் காப்பாற்ற முடிகிற வரைக்கும்தான் குடிமக்கள் கீழ்ப்படிய வேண்டும். இந்த ஒரு வரியால் ராஜா கட்சிக்காரர்களே அவர் மேல் பாய்ந்தார்கள். ராஜாவுக்காக எழுதியவனுக்கு ராஜா சபையிலேயே நுழையத் தடை! பிரெஞ்சு பாதிரிமார்களும் பகை. மறுபடியும் பயம், மறுபடியும் ஓட்டம், இந்த முறை இங்கிலாந்துக்கே.

அவர் செய்த ஒரு பெரிய தப்பையும் சொல்லியாக வேண்டும். ஒரு வட்டத்தின் பரப்புக்குச் சமமான சதுரத்தை ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வைத்து வரைந்துவிட்டேன் என்று 1655-ல் அறிவித்தார். ஆக்ஸ்போர்டு கணித பேராசிரியர் ஜான் வாலிஸ் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஹாப்ஸ் ஒத்துக்கொள்ளவேயில்லை. இருபது வருஷத்துக்கு மேல் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டார்கள். அப்படி வரையவே முடியாது என்று 1882-ல் லிண்டமன் நிரூபித்தார். காதலித்த ஜியோமெட்ரியே கடைசியில் காலை வாரிவிட்டது, பாவம்.

1660-ல் பழைய சிஷ்யன் இரண்டாம் சார்லஸ் ராஜாவாக வந்தார். தெருவில் வாத்தியாரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினாராம். வருஷத்துக்கு 100 பவுன் பென்ஷனும் கொடுத்தார். ஆனால் 1665-ல் பிளேக், 1666-ல் லண்டன் தீ. நாத்திகத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று ஜனங்கள் பேச, பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்தது. அதில் 'லெவியாதன்' பெயரையே போட்டிருந்தார்கள். 78 வயது கிழவர் பயந்துபோய்த் தன் காகிதங்களில் பலதை எரித்துவிட்டார். மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அதன்பின் அரசியல் பற்றி எழுதினால் இங்கிலாந்தில் அச்சிட அனுமதி கிடைக்கவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 75 வயது வரை டென்னிஸ் ஆடினார். ராத்திரி கதவைச் சாத்திவிட்டு, நுரையீரலுக்கு நல்லது என்று சத்தமாகப் பாடுவாராம், குரல் சகிக்காது. 85 வயதுக்கு மேல் உட்கார்ந்து ஹோமரின் இரண்டு காவியங்களையும் மொழிபெயர்த்து முடித்தார்.

1679 டிசம்பர் 4-ம் தேதி ஹார்ட்விக் மாளிகையில் இறந்தார். வயது 91. பயத்தோடு பிறந்தவர் அந்தக் காலத்தில் அவ்வளவு வருஷம் இருந்திருக்கிறார். நாலு வருஷம் கழித்து, 1683-ல், அவருடைய புத்தகங்களைக் கூட்டிப் போட்டுக் கொளுத்தினார்கள். கொளுத்தியது, கையுறைக்காரர் காசு கட்டிப் படிக்க அனுப்பிய அதே ஆக்ஸ்போர்டு.