சுழற்றும் தொலைபேசிக்கு வழிவகுத்தவர் யார் தெரியுமா?

பழைய சுழற்றும் தொலைபேசியை வாங்கி, பழுதுபார்த்து, வரவேற்பறையில் வைக்கும் ஆசை உங்களுக்கும் இருக்கிறதா?

அப்படியென்றால் ஆல்மன் ஸ்ட்ரோஜரைப் பற்றி நீங்கள் தெரிஞ்சு வச்சிருக்கணும்!

தொலைபேசி என்றாலே அலெக்சாண்டர் கிரஹாம் பெல்தான் நினைவுக்கு வருவார். ஆனால் பெல்லின் காலத்தில், நிலைய ஊழியரிடம் சொன்னால்தான் இணைப்பு கிடைக்கும்.

அதை மாற்றியவர் ஸ்ட்ரோஜர்.

யார் இவர்?

1839இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் பங்கெடுத்தார். ஆசிரியராக இருந்தார். பிறகு கன்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்குச் சேவை நடத்தினார்.

ஈமச்சடங்குக்கும் தொலைபேசிக்கும் என்ன சம்பந்தம்?

போட்டியாளர் ஒருவரின் மனைவி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாராம். ஸ்ட்ரோஜருக்கு வரும் அழைப்புகளை அவர் தம் கணவருக்குத் திருப்பிவிட்டதாக ஒரு கதை உண்டு.

கதை எவ்வளவு உண்மையோ, நடுவில் ஆளே வேண்டாம் என்று ஸ்ட்ரோஜர் முடிவெடுத்தார். தானே இணைப்புக் கொடுக்கும் இயந்திரத்துக்கு 1891இல் காப்புரிமை பெற்றார்.

1892 நவம்பரில் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அந்தத் தானியங்கி நிலையம் திறக்கப்பட்டது.

அப்போ எண்வட்டம்?

முதலில் பொத்தான்களைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டியிருந்தது. விரலால் சுழற்றும் முறையை 1896இல் அவரது நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உருவாக்கினர்.

அதே ஆண்டு ஸ்ட்ரோஜர் தம் காப்புரிமைகளை வெறும் 1,800 டாலருக்கு விற்றார். 1898இல் நிறுவனப் பங்கையும் 10,000 டாலருக்கு விற்றுவிட்டார். 1902இல் ஃபுளோரிடாவில் காலமானார்.

பெல் நிறுவனமே 1919இல் அவருடைய முறையைப் பெரிய அளவில் நிறுவத் தொடங்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

உங்கள் தொலைபேசியில் கவனிக்க வேண்டியவை

- எண்வட்டம் திரும்பி வரும்போது மின்னோட்டம் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும். பெரும்பாலான நாடுகளில் 5க்கு ஐந்து துடிப்பு, 0க்குப் பத்து.
- விநாடிக்குச் சுமார் 10 துடிப்பு இருக்கணும். உள்ளே பழைய எண்ணெய் இறுகிப்போனால் வட்டம் மெதுவாகும். தவறான எண்ணுக்கு அழைப்பு போகும். சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.
- இன்றைய இணையவழி இணைப்புகள் பலவற்றுக்கு இந்தத் துடிப்பு புரியாது. மாற்றிக் கருவி தேவைப்படலாம்.

அடுத்த முறை வட்டத்தைச் சுழற்றும்போது அந்த 'டக் டக்' சத்தத்தைக் கொஞ்சம் கவனிங்க. நடுவில் யாரும் இல்லாமல் உங்கள் அழைப்பு உரியவரிடம் போய்ச் சேருகிறது. ஸ்ட்ரோஜர் விரும்பியது அதைத்தான்.