கிரானாவின் குரல்: உஸ்தாத் அப்துல் கரீம் கான்

கவிஞர் மறைந்த பின்னும் அவர்தம் நூல் சான்றாக நிற்கும். அரசருக்குக் கல்வெட்டும் ஆவணமும் உண்டு. பாடகரின் நிலையோ வேறு. பாடிய கணத்திலேயே பாட்டு காற்றோடு கலந்துவிடும். எஞ்சுவன கேட்டோர் நினைவும், சீடர் எழுதிய வரலாறும், சில இசைத்தட்டுகளுமே. சீடர் எழுதும் வரலாறு ஆசிரியரின் அரங்கைப் பேசும் அளவுக்கு அவர்தம் இல்லத்தைப் பேசுவது அரிது. ஆதலின் இசைவாணர் வரலாறுகளைக் கற்போர் அரங்கையும் இல்லத்தையும் ஒருசேர நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கத் தக்க வாழ்வு இந்துஸ்தானி இசைப் பெரியார் உஸ்தாத் அப்துல் கரீம் கானுடையது.

வடநாட்டில் யமுனையாற்றுக்கு அணித்தே உள்ள கைரானா என்னும் ஊரில் 1872ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அவ்வூர்ப் பெயரே கிரானா எனத் திரிந்து, அவர் வளர்த்த இசைமரபின் பெயராயிற்று. தந்தை காலே கான், குடும்பமே இசைக்குடும்பம். இளமையில் சாரங்கியும் வீணையும் பயின்றவர், பின்னர் வாய்ப்பாட்டையே தம் வழியாகக் கொண்டார். தம்பி அப்துல் ஹக்குடன் ஊர் ஊராகச் சென்று பாடி, பரோடா மன்னரின் அரண்மனையில் இடம் பெற்றார்.

அங்குதான் அவர் வாழ்வு திசை மாறிற்று. அரச குடும்பத்தோடு உறவுடைய சர்தார் மாருதிராவ் மானே என்பவரின் மகள் தாராபாய் அவரிடம் மனம் பற்றினார். சமயமும் குலமும் செல்வமும் குறுக்கே நின்ற காதல் அது. இருவரும் பரோடாவை விட்டு வெளியேறினர். மணந்து பம்பாயிலும் பின்னர் மிரஜ் நகரிலும் வாழ்ந்தனர். ஆண்மக்கள் இருவர், பெண்மக்கள் மூவர் என ஐந்து மக்கள் பிறந்தனர்.

மிரஜிலிருந்து மைசூர் அரண்மனைக்கு அவர் பலமுறை சென்று வந்தார். அப்பயணங்களில் கருநாடக இசை வல்லுநரோடு பழகினார். வடநாட்டுப் பாடகர் பலர் தென்னிசையைப் பொருட்படுத்தாதிருந்த காலம் அது. அவரோ தென்னாட்டார் சுரங்களைக் கோத்துப் பாடும் முறையைக் கற்றுத் தம் இசையில் இழைத்துக்கொண்டார். கரகரப்பிரியா இராகத்தில் தியாகராசர் கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டிலும் பதிவு செய்தார். சாங்கிலியில் வாழ்ந்த தேவல் என்பாரும், கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கில நீதிபதியும் 22 சுருதிகளை ஆய்ந்தபோது, நுண்சுருதிகளைப் பாடிக் காட்டி உதவியவரும் இவரே.

1913இல் புனேயில் ஆரிய சங்கீத வித்தியாலயம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். இசைக் குடும்பங்கள் தம் கலையைப் பிறர்க்குக் காட்டாது பேணிய அந்நாளில், பிற சமயத்துப் பிள்ளைகளையும் தம்மோடு தங்கவைத்துப் பயிற்றினார். கச்சேரிகளில் ஈட்டிய பொருள் பள்ளிக்கே சென்றது. ஸவாய் கந்தர்வர் எனப் பின்னாளில் புகழ்பெற்ற ராம்பாவ் குந்த்கோல்கர் இவருடைய தலைமாணாக்கர். குந்த்கோல்கரிடம் பயின்றோரே கங்குபாய் ஹங்கலும் பீம்சேன் ஜோஷியும்.

ஊரார் பிள்ளைகளை ஆளாக்கியவரின் வீடு 1922இல் உடைந்தது. தாராபாய் மக்கள் ஐவரையும் அழைத்துக்கொண்டு பிரிந்தார். மக்கள் தந்தை பெயரையும் துறந்தனர். அவர் இட்ட பெயர்களும் மாறின. அப்துல் ரகுமான் சுரேஷ்பாபு மானே ஆனார். சம்பாகலி ஹீராபாய் பரோடேகர் ஆனார். சகீனா பின்னாளில் சரஸ்வதி ராணே என அறியப்பட்டார். சீடர் கூட்டம் நிறைந்த வீட்டில் மனையாளுக்கும் மக்களுக்கும் கிடைத்த இடம் எத்தகையது என்பதை எந்தப் புகழ்மாலையும் அளந்து சொல்லாது. தாராபாயைக் குறை கூறி இப்பகுதியைக் கடந்துவிடுதல் எளிது, அஃது அறமன்று. காதலுக்காகச் செல்வத்தையும் சுற்றத்தையும் விட்டு வந்த பெண்மணி, மீண்டும் ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுச் செல்லத் துணிந்தாரெனின், அதற்குரிய காரணம் அவருக்கு இருந்திருக்கும்.

வியப்பு யாதெனின், தந்தையின் பெயரைச் சூடாத அம்மக்களே அவர்தம் இசையைச் சூடிக்கொண்டனர். சுரேஷ்பாபுவும் ஹீராபாயும் தந்தையின் உறவினரான அப்துல் வஹீத் கானிடம் பயின்று கிரானா மரபின் தூண்களாயினர். பெண்கள் பொதுமேடையேறிக் கட்டணக் கச்சேரி செய்வதற்கு வழிகோலியோருள் ஹீராபாய் முன்னோடி. 1970இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது.

கானின் குரலை இன்று நாம் கேட்பது பெரும்பாலும் 1930களின் நடுவில் ஓடியன் நிறுவனம் பதிந்த இசைத்தட்டுகளில்தான். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்றே நிமிடம். ஓர் இராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பாடியவர், அச்சிறு கால எல்லைக்குள் ஒவ்வொரு சுரத்தையும் அவசரமின்றி நிறுத்திக் காட்டுகிறார். மெல்லிய, உச்சத்தில் உலவும் குரல். அதில் ஆழ்ந்த இரக்கம். மக்களைப் பிரிந்த துயரே அவ்வாறு ஒலிக்கிறது என்பாருண்டு. அது கேட்க இனிய விளக்கம். ஆயினும் முழுதும் ஏற்பதற்கில்லை. 1905ஆம் ஆண்டு வாக்கில் பதிந்த தட்டுகளில் விரைவும் துள்ளலும் மிகுந்த இளங்குரலைக் கேட்கிறோம். அதனின்று இக்குரல் வரை முப்பதாண்டுச் சாதகம் இருக்கிறது. துயருற்றோர் எல்லாரும் இவ்வாறு பாடிவிடுவதில்லை அன்றோ?

1937 அக்டோபரில் சென்னைக்கு வந்து பாடியவர், அங்கிருந்து புதுச்சேரிக்குப் புகைவண்டியில் புறப்பட்டார். வழியில் நெஞ்சுவலி கண்டது. செங்கற்பட்டுக்கு முன்னுள்ள சிங்கப்பெருமாள் கோவில் என்னும் சிறு நிலையத்தில் உடன் வந்தோர் அவரை இறக்கினர். இரவு நேரம். நடைமேடையில் படுக்கை விரிக்கப்பட்டது. அவர் கிப்லாவை நோக்கி அமர்ந்து தொழுதார் என்றும், தம்பூராவைச் சுருதி கூட்டச் சொல்லித் தர்பாரி இராகத்தில் கலிமாவை இசைத்தார் என்றும், அவ்வாறே சாய்ந்து உயிர் நீத்தார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது. அன்று 27ஆம் நாள். மனைவி பிரிந்து 15 ஆண்டுகள் கழிந்திருந்தன.

உடல் மிரஜுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவர் பற்றுக் கொண்டிருந்த மீரா சாகிப் தர்கா வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. மாணாக்கர் பாலகிருஷ்ணபுவா கபிலேசுவரி மராத்தியில் எழுதிய அவர்தம் விரிவான வரலாறு, மறைந்து 35 ஆண்டுகள் சென்ற பின் 1972இல் வெளிவந்தது. அவர் நினைவாக அத்தர்காவில் ஆண்டுதோறும் இசைவிழா நடைபெற்று வருகிறது. இந்துக்களும் முஸ்லிம்களுமாகிய பாடகர்கள் பலர் அங்கு வந்து அவர் அடக்கவிடத்தருகே பாடிச் செல்கின்றனர்.