எத்தனை சூரியன்கள் நமக்கு நல்லது? ராஜரத்தினம் போட்ட கணக்கு

உலகத்தை ஒரே வல்லரசு நடத்தினால் அது ஒரு துருவ உலகம். இரண்டு நடத்தினால் இருதுருவ உலகம். பலம் பல நாடுகளிடம் பிரிந்து கிடந்தால் பல துருவ உலகம். இப்போது செய்தியைத் திறந்தாலே இந்தச் சொற்கள்தான். அமெரிக்கா மட்டும்தானா, சீனாவும் சேர்த்தியா, இந்தியா எங்கே வருகிறது என்று ஒரே வாதம்.

சரி, நம்மைப் போன்ற குட்டி நாட்டுக்கு இதில் எது நல்லது?

அரை நூற்றாண்டுக்கு முன்பே இதற்கு ஒரு விடை வைத்திருந்தார் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். தேசியப் பற்றுறுதியை வரைந்தவர் என்றுதான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். அதையும் தாண்டி நிறைய இருக்கிறது.

சிரம்பானிலிருந்து லண்டனுக்கு

பிறந்தது யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில், 1915 பிப்ரவரி 25ஆம் தேதி. குடும்பம் இருந்ததோ மலாயாவில். பிரசவத்துக்காகத்தான் தாயார் ஊருக்குப் போயிருந்தார். சில மாதக் குழந்தையாக மலாயா வந்த ராஜரத்தினம், ரப்பர் தோட்ட வாழ்க்கைக்கு நடுவே சிரம்பானில் வளர்ந்தார். கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று படிப்பு நகர்ந்தது. 1937இல் சட்டம் படிக்க லண்டன் போனார்.

சட்டப் படிப்பை அவர் முடிக்கவே இல்லை. போர் வந்தது, சிறுகதை எழுதினார், பத்திரிகைக்காரர் ஆனார், ஹங்கேரியைச் சேர்ந்த பிரோஸ்கா ஃபெஹரைத் திருமணம் செய்துகொண்டார். அவர் அங்கே இருந்தபோதுதான், 1942 பிப்ரவரியில், பிரிட்டன் அசைக்க முடியாதது என்று சொல்லி வந்த சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சூரியன் மறையாத பேரரசு என்றார்களே, அந்த ஒரே சூரியனை நம்பியிருந்த மக்கள் ஒரே வாரத்தில் அநாதையானார்கள். இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

போருக்குப் பிறகு திரும்பி வந்து செய்தித்தாள்களில் எழுதினார். 1954இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1959இல் கலாசார அமைச்சர். 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி, திடீரென்று ஒரு தனி நாட்டின் வெளியுறவு அமைச்சர்.

சூரியன்களின் கணக்கு

அந்த நாட்டின் நிலைமை என்ன? மக்கள்தொகை ஏறக்குறைய 1.9 மில்லியன். சொல்லிக்கொள்ளும்படி ராணுவம் இல்லை. இந்தோனேசியாவின் மோதல் கொள்கை இன்னும் ஓயவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஆர்ச்சர்ட் ரோட்டில் உள்ள மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூவர் உயிரிழந்திருந்தார்கள். வெளியுறவு அமைச்சு சிட்டி ஹால் கட்டடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களோடு தொடங்கியது. செப்டம்பர் 21ஆம் தேதி சிங்கப்பூர் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 117ஆவது உறுப்பினரானது.

அப்போதைய உலகம் இருதுருவ உலகம். வாஷிங்டன் ஒரு பக்கம், மாஸ்கோ மறுபக்கம். பாதுகாப்பு வேண்டுமா, ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடு என்பதுதான் பொதுவான யோசனை. ராஜரத்தினத்தின் கணக்கு வேறு. 1970களில் அதை வானியலை வைத்து விளக்கினார். வல்லரசு ஒரு சூரியன் மாதிரி. சும்மா இருந்தாலே சுற்றியுள்ளதை இழுக்கும். ஒரே சூரியன் என்றால் சிறு கோள் அது போட்ட வட்டத்தில்தான் சுற்ற வேண்டும். பல சூரியன்கள் இருந்தால் ஒன்றின் இழுப்பை இன்னொன்று தளர்த்தும். புத்தியாக நடந்துகொண்டால் சிறு கோளும் தன் பாதையைக் கொஞ்சம் தானே தேர்ந்தெடுக்கலாம்.

பெரியவர்களில் யார் நல்லவர் என்பதல்ல அவர் பார்த்தது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான். அதனால் எல்லாரையும் உள்ளே வரவிட்டார்கள். வியட்நாம் போரிலிருந்து ஓய்வுக்கு வந்த அமெரிக்க வீரர்கள் சிங்கப்பூரில் நடமாடினார்கள். சோவியத் யூனியனுடன் 1968இல் அரசதந்திர உறவு ஏற்பட்டது. அதன் கப்பல்கள் பழுதுபார்க்க இங்கு வந்தன. அதே ஆண்டு ஜனவரியில், தன் படைகளை மீட்டுக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்திருந்தது. பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்த நேரம் அது. காலியான இடத்தை ஒரே ஆள் நிரப்பிவிடக்கூடாது என்ற பயம் ரொம்ப நிஜமானது.

அக்கம்பக்கத்திலும் வேலை இருந்தது. 1967இல் தாய்லாந்தின் பாங் சேன் கடற்கரையில் ஐந்து நாட்டு அமைச்சர்கள் கோல்ஃப் ஆடிக்கொண்டே பேசிய பேச்சு, ஆகஸ்ட் 8ஆம் தேதி பேங்காக்கில் ஆசியானாகப் பிறந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு முறைத்துக்கொண்டிருந்த இந்தோனேசியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்டன. சீனா விஷயத்தில் இன்னும் நுணுக்கம். 1975 மார்ச்சில் பெய்ச்சிங் சென்று பிரதமர் சோ என்லாயைச் சந்தித்தார். ஆனாலும் முழு உறவுக்கு அவசரப்படவில்லை. சீனர் பெரும்பான்மையான சிங்கப்பூரை அண்டை நாடுகள் பெய்ச்சிங்கின் கோளாகப் பார்த்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். இந்தோனேசியா 1990இல் சீனாவுடன் உறவைப் புதுப்பித்த பிறகே சிங்கப்பூரும் உறவு ஏற்படுத்திக்கொண்டது.

கம்போடியா

கணக்கு இடித்த இடம் இதுதான். 1978 டிசம்பரில் வியட்நாம், சோவியத் ஆதரவோடு கம்போடியாவுக்குள் நுழைந்தது. விரட்டப்பட்டது கெமர் ரூஜ் ஆட்சி. ஒன்றரை மில்லியனுக்கும் மேற்பட்டோரின் சாவுக்குக் காரணமான ஆட்சி. அது போனதில் யாருக்கு வருத்தம் இருக்க முடியும்?

ஆனால் பெரிய நாடு சிறிய நாட்டுக்குள் படையோடு புகுந்து அரசாங்கத்தை மாற்றலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அடுத்தது யார்? சூரியன்கள் எத்தனை இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் சுவரேறி வருவதைத் தடுக்காது. அதற்கு விதி வேண்டும். ராஜரத்தினம் அந்த விதியைப் பிடித்துக்கொண்டார். 1979 செப்டம்பரில் ஹவானாவில், அணிசேரா இயக்கத்தை மாஸ்கோ பக்கம் சாய்க்கப் பார்த்த கியூபாவை எதிர்த்து நின்றார். நவம்பரில், அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற ஆசியானின் தீர்மானம் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபையில் 91 வாக்குகளுடன் நிறைவேறியது.

இதற்கு விலையும் இருந்தது. கம்போடியாவின் இருக்கை கெமர் ரூஜ் தரப்பிடமே தொடர்ந்தது. சிங்கப்பூரின் பயத்தில் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். அதற்காக அந்த இருக்கையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியாக இருக்காது.

1980இல் வெளியுறவு அமைச்சர் பொறுப்பிலிருந்து விலகி, இரண்டாம் துணைப் பிரதமரானார். 1988இல் அரசியலைவிட்டே ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு பிரோஸ்கா காலமானார். 1991இல் சோவியத் யூனியன் உடைந்து, உலகில் ஒரே சூரியன் மிஞ்சியது. மறதிநோய் மெல்ல மெல்ல ராஜரத்தினத்தின் நினைவைத் தின்றது. 2006 பிப்ரவரி 22ஆம் தேதி காலமானார். மூன்று நாள் கழித்து எஸ்பிளனேடில் அரசாங்க மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடந்தது. அன்று அவருடைய 91ஆவது பிறந்தநாள்.