சிவன்மலைக் கல்லைப் படித்தவர்

காங்கேயம் பக்கத்துல இருக்கிற சிவன்மலை உங்களுக்குத் தெரியும். முருகன் கோயிலும் உத்தரவுப் பெட்டியும் தெரியும். அந்த வட்டாரத்துப் பாறையை உலகப் புவியியல் நூல்களில் ஏற்றியவரைத் தெரியுமா? அவர்தான் தாமஸ் ஹென்றி ஹாலந்து.

1868-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தார். லண்டனில் உதவித்தொகையில் படித்து, 1890-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அப்போ அவருக்கு நம்ம சீனியர்கள் வயசுதான்!

கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்தவர், அது சென்னைப் பல்லாவரம் பக்கத்துப் பாறை என்று கண்டுபிடித்தார். 1893-ல் அந்தப் பாறை வகைக்கு 'சார்னோக்கைட்' என்று பெயரும் வைத்தார்.

அதே வருஷம் இமயமலையில், கட்வால் பகுதியில் மலை சரிந்து ஆற்றை அடைத்தது. பின்னால் பெரிய ஏரி தேங்கியது. நேரில் போய் ஆராய்ந்த ஹாலந்து, 1894 ஆகஸ்டில் ஏரி நிரம்பி வழியும் என்று கணக்குப் போட்டார். அரசும் பொறியாளர்களும் தந்திக் கம்பி இழுத்து, கீழே இருந்த மக்களை வெளியேற்றினார்கள். சொன்ன மாதத்திலேயே வெள்ளம் வந்தது. கட்வால் ஸ்ரீநகர் ஊரே அடித்துக்கொண்டு போனது. உயிரிழந்தவர்கள் ஐந்தே பேர். கணக்கு சரியா இருந்தா என்ன ஆகும்னு பார்த்தீங்களா?

அப்புறம்தான் நம்ம ஊர். சிவன்மலைப் பாறைகளைப் பற்றிய அவர் ஆய்வு 1901-ல் வெளியானது. அங்கே இருப்பது நெஃபலின் சையெனைட் (சயனைடு இல்லீங்க!). பெல்ட்ஸ்பார் நிறைந்த, பாறைக் குழம்பு இறுகி உருவான பாறை. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கும், இதில் இருக்காது. குழம்பில் சிலிக்கா பத்தாததால், பெல்ட்ஸ்பார் ஆக வேண்டியதில் ஒரு பகுதி நெஃபலினாக மாறிவிடுகிறது. இந்த வகைப் பாறை கண்ணாடி, பீங்கான் தொழிலில் பயன்படுகிறது. கூடவே குருந்தக் கல் உள்ள சையெனைட்டையும் அவர் விவரித்தார். மாணிக்கமும் நீலமும் இந்தக் குருந்த இனம்தான். 'கொரண்டம்' என்ற ஆங்கிலப் பெயரே நம்ம தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான்.

1903-ல் அந்தத் துறைக்கே இயக்குநர் ஆனார். 1916-ல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். தொழில் வளர்ச்சியில் அரசு இறங்கி வேலை செய்யணும், தொழில்நுட்பக் கல்வி பெருகணும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. எல்லாம் ஏறுமுகம் இல்லை. போர்த் தளவாட மோசடி வழக்கு ஒன்றைக் கைவிட்ட விவகாரத்தில், 1921-ல் வைஸ்ராய் கவுன்சில் பதவியை விட வேண்டி வந்தது. பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கும் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கும் தலைமை வகித்தார். 1947 மே மாதம் காலமானார்.

பாறைக்குப் பெயர் வைத்தவர் பெயரிலேயே இன்று ஒரு மாங்கனீசுக் கனிமம் இருக்கிறது: ஹாலண்டைட். கல்லறைக் கல், சரிந்த மலை, சிவன்மலை என எல்லாமே பலரும் பார்த்தவைதான். அவர் அது என்ன, எப்படி வந்ததுன்னு கேட்டார். நாமும் கேட்கலாமே!