காஸ்பர் ஹவுசர்: நினைவே இல்லாமல் வந்து நின்ற சிறுவன்... இளவரசனா, ஏமாற்றுக்காரனா?

பல வருடங்களுக்கு முன் காணாமல் போன குழந்தை ஒருநாள் திடீரென்று திரும்பி வருகிறது. எங்கே இருந்தாய், யார் வளர்த்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. கையில் ஒரு கடிதம், மனதில் மங்கலாக ஒரு பொம்மை. இந்த மாதிரி தொடங்கும் மர்ம நாவல்களையும் வெப் சீரிஸ்களையும் நீங்க நிச்சயம் பார்த்திருப்பீங்க. கடைசி அத்தியாயத்தில் முடிச்சு அவிழும், நாமும் நிம்மதியாகத் தூங்கப் போவோம்.

ஆனால், ஜெர்மனியில் இது நிஜமாகவே நடந்தது. அந்தச் சிறுவனின் பெயர் காஸ்பர் ஹவுசர். அவன் கதைக்கு மட்டும் கடைசி அத்தியாயம் இன்றுவரை எழுதப்படவில்லை. 2024-ல் வெளியான ஒரு டி.என்.ஏ ஆய்வு அந்தக் கதையின் மிகப் பிரபலமான பக்கத்தைக் கிழித்துப் போட்டது. மிச்சம் இருப்பது என்ன? பார்ப்போம்.

1828: சதுக்கத்தில் நின்ற சிறுவன்

1828 மே 26, திங்கட்கிழமை. பவேரியாவின் நியூரம்பெர்க் நகரம் பெந்தெகொஸ்தே திருநாள் விடுமுறையில் அமைதியாக இருந்தது. அங்கே ஒரு சதுக்கத்தில், சுமார் 16 வயதுப் பையன் ஒருவன் தள்ளாடியபடி நின்றிருந்ததைச் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் பார்த்தார். பையனால் சரியாக நடக்க முடியவில்லை. எதைக் கேட்டாலும் அப்பா மாதிரி குதிரை வீரனாக வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். அதன் அர்த்தம் அவனுக்கே புரிந்ததா என்பது சந்தேகம்.

அவன் கையில் இருந்த கடிதம் உள்ளூர்க் குதிரைப்படை கேப்டனுக்கு எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. 1812 அக்டோபரில் இந்தக் குழந்தை தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதாகவும், வீட்டை விட்டு ஓர் அடிகூட வெளியே விடாமல் வளர்த்ததாகவும் குறிப்பிட்டிருந்தார். இவனைப் படையில் சேர்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தூக்கில்கூடப் போடலாம் என்ற தொனியில் கடிதம் முடிந்தது.

கூடவே இன்னொரு சீட்டு. அது பையனின் அம்மா எழுதியதாம். பெயர் காஸ்பர், பிறந்த நாள் 1812 ஏப்ரல் 30, அப்பா இறந்துபோன குதிரைப்படை வீரர் என்று அதில் இருந்தது. 16 வருட இடைவெளியில் இரண்டு பேர் எழுதியதாகச் சொல்லப்பட்ட அந்த இரண்டையும் எழுதியது ஒரே கைதான் என்று விசாரணையில் தெரிந்தது.

போலீஸார் காகிதமும் பேனாவும் கொடுத்தபோது அவன் தன் பெயரை மட்டும் எழுதிக்காட்டினான்.

இருட்டறையும் மரக்குதிரையும்

பையனை நகரக் கோட்டையின் கோபுரச் சிறையில் தங்கவைத்தார்கள். ரொட்டியும் தண்ணீரும் தவிர வேறெதையும் அவன் தொடவில்லை. செய்தி பரவியதும் ஊர் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து அவனை வேடிக்கை பார்த்தார்கள். நகர மேயர் பிண்டர் அவனிடம் தொடர்ந்து பேசி, அவன் கதையை அந்த ஜூலையில் பொது அறிவிப்பாகவே வெளியிட்டார்.

அந்தக் கதை இதுதான்: அவனுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் ஓர் இருட்டறையில்தான் இருந்தான். சுமார் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். படுக்க வைக்கோல், விளையாட மரக்குதிரைகள். தூங்கி எழும்போது பக்கத்தில் ரொட்டியும் தண்ணீரும் இருக்கும். சில நாள் தண்ணீர் கசக்கும். அன்று ஆழ்ந்து தூங்கிவிடுவான். விழித்துப் பார்த்தால் நகமும் முடியும் வெட்டப்பட்டிருக்கும். கடைசிக் காலத்தில் முகம் காட்டாத ஒருவர் வந்து, பெயர் எழுதவும் நடக்கவும் கற்றுக்கொடுத்து, நியூரம்பெர்க்குக்குக் கூட்டிவந்து விட்டுப் போனார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வந்த புதிதில் பையனுக்குச் சில வார்த்தைகள்தான் தெரியும். ஆறே வாரத்தில் இவ்வளவு விரிவான கதை எப்படி வந்தது? கேட்டவர்கள் தங்கள் கற்பனையைக் கேள்வியாக்கி, அதற்கு அவன் தலையாட்ட, அதுவே அவன் நினைவாகிப் போயிருக்கலாம் என்று பின்னாளில் பலரும் சுட்டிக்காட்டினார்கள். அதாவது, அவன் கடந்த காலத்தை அவன் மட்டும் எழுதவில்லை. ஊரும் சேர்ந்து எழுதியது.

கைமாறிக்கொண்டே இருந்த வாழ்க்கை

1828 ஜூலையில் டௌமர் என்ற ஆசிரியர் வீட்டுக்குக் காஸ்பர் அனுப்பப்பட்டான். அங்கே படிக்க, எழுத, வரையக் கற்றுக்கொண்டான். குதிரையேற்றத்தில் கெட்டிக்காரன் ஆனான். டௌமர் அன்பானவர்தான். ஆனால் காந்தம், ஹோமியோபதி மருந்து என்று தன் சோதனைகளுக்கும் பையனைப் பயன்படுத்திக்கொண்டார்.

மறுவருடம் காஸ்பர் தன் வாழ்க்கைக் கதையை எழுதத் தொடங்கினான். 1829 அக்டோபர் 17 அன்று டௌமர் வீட்டு நிலவறையில் நெற்றியில் வெட்டுக்காயத்தோடு கிடந்தான். முகத்தை மறைத்த ஒருவன் தாக்கியதாகச் சொன்னான். யாரும் பிடிபடவில்லை. இதற்குப் பிறகு அவனுக்குப் போலீஸ் காவல் போடப்பட்டது.

அடுத்து பீபர்பாக் என்ற வணிகர் வீடு. 1830 ஏப்ரலில் அவன் அறையில் துப்பாக்கி வெடித்துத் தலையில் காயம். புத்தகம் எடுக்க நாற்காலியில் ஏறியபோது தடுமாறி, சுவரில் தொங்கிய துப்பாக்கியைப் பிடித்ததால் வெடித்தது என்றான். அங்கிருந்து டூக்கர் என்ற பிரபுவின் பொறுப்புக்கு மாறினான்.

பிறகு வந்தார் ஸ்டான்ஹோப் என்ற இங்கிலாந்துப் பிரபு. பரிசுகளை அள்ளிக் கொடுத்தார், இங்கிலாந்துக்கே அழைத்துப்போவதாக நம்பிக்கை தந்தார். காஸ்பருக்குச் சில ஹங்கேரிய வார்த்தைகள் பரிச்சயம் போலத் தெரிந்ததால், பழைய நினைவு ஏதாவது வருமா என்று பார்க்க ஹங்கேரிப் பயணங்களுக்கும் செலவு செய்தார். பலன் இல்லை. 1831 இறுதியில் அவனை ஆன்ஸ்பாக் நகரில் மேயர் என்ற ஆசிரியரிடம் விட்டுவிட்டு, அடுத்த மாதமே கிளம்பினார். அவர் திரும்பி வரவே இல்லை.

மூன்றரை வருடத்தில் ஒரு சிறை, நான்கு பேரின் பொறுப்பு, இரண்டு காயங்கள். புது ஆசிரியர் மேயரோ கண்டிப்பு மிக்கவர், பையன் பொய் சொல்கிறான் என்று நம்பியவர். ஒருகாலத்தில் ஐரோப்பாவின் குழந்தை என்று பத்திரிகைகள் கொண்டாடியவன், ஆன்ஸ்பாக்கில் நகல் எழுதும் குமாஸ்தாவாக வேலை பார்த்தான்.

இளவரசன் என்ற வதந்தி

காஸ்பர் யார்? அன்றைக்கே ஒரு பதில் ஊரெல்லாம் ஓடியது: அவன் பாடன் நாட்டு இளவரசன்!

பாடன் மன்னர் கார்ல், அவர் மனைவி ஸ்டெஃபானி. நெப்போலியன் தத்தெடுத்த மகள்தான் இந்த ஸ்டெஃபானி. இவர்களுக்கு 1812 செப்டம்பரில் ஓர் ஆண் குழந்தை பிறந்து, மூன்றே வாரத்தில் இறந்துபோனது. இறந்தது இளவரசன் இல்லை, தொட்டிலில் மாற்றி வைக்கப்பட்ட வேறொரு குழந்தை என்பதுதான் வதந்தி. அரச குடும்பத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த ஹோக்பெர்க் சீமாட்டி, தன் பிள்ளைகளை அரியணை ஏற்ற இப்படிச் செய்ததாகப் பேசிக்கொண்டார்கள். 1830-ல் அந்தச் சீமாட்டியின் மகன் லியோபோல்டே பாடன் மன்னர் ஆனதும் வதந்திக்கு றெக்கை முளைத்தது.

இதைச் சாதாரண ஆட்கள் மட்டும் நம்பவில்லை. ஆன்செல்ம் வான் ஃபாயர்பாக் என்ற பெரிய சட்ட அறிஞரும் நம்பினார். பவேரியாவில் விசாரணைச் சித்திரவதை 1806-ல் ஒழிய முக்கியக் காரணமாக இருந்தவர், 1813-ம் ஆண்டு குற்றவியல் சட்டத்தை வடிவமைத்தவர், ஆன்ஸ்பாக் மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவர். 1832-ல் அவர் பவேரியாவின் ராஜமாதாவுக்கு ஒரு ரகசியக் குறிப்பே அனுப்பினார்.

அதே வருடம் அவர் வெளியிட்ட புத்தகம் அதைவிட முக்கியமானது. அதில் அவர் எழுப்பிய கேள்வி ரத்த உறவைப் பற்றியது இல்லை. ஒரு குழந்தையைப் பூட்டிவைத்து, அதன் பால்ய காலத்தையே திருடுவது என்ன குற்றம்? அடித்தால் வழக்கு உண்டு, அடைத்துவைத்தால் வழக்கு உண்டு. ஒரு மனிதனின் மனம் வளரவிடாமல் செய்ததற்கு? அதை ஆன்மாவுக்கு எதிரான குற்றம் என்று அவர் பெயரிட்டார்.

1833 மே மாதம் ஃபாயர்பாக் இறந்துபோனார். காஸ்பருக்கு இருந்த பெரிய துணையும் போனது.

பூங்காவில் கத்திக்குத்து

1833 டிசம்பர் 9 அன்று ஆசிரியர் மேயரோடு காஸ்பருக்குப் பெரிய வாக்குவாதம். ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 14 அன்று, இடது மார்பில் ஆழமான குத்துக்காயத்தோடு வீட்டுக்கு ஓடிவந்தான். ஆன்ஸ்பாக் அரண்மனைப் பூங்காவுக்கு வரவழைத்து, ஒரு பையைக் கொடுப்பது போல நடித்து, முன்பின் தெரியாத ஒருவன் குத்தியதாகச் சொன்னான்.

போலீஸார் பூங்காவில் தேடியபோது ஒரு சிறிய ஊதா நிறப் பணப்பை கிடைத்தது. உள்ளே, கண்ணாடியில் பார்த்தால் மட்டும் படிக்க முடிகிற மாதிரி தலைகீழாக எழுதிய ஒரு சீட்டு. எழுதியவன் தான் பவேரிய எல்லையிலிருந்து வருவதாகக் குறிப்பிட்டு, பெயருக்குப் பதில் சில எழுத்துகளை மட்டும் போட்டிருந்தான்.

மூன்று நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, காஸ்பர் இறந்தான். கடிதத்தில் இருந்த தேதி சரி என்றால், அவனுக்கு வயது 21. கொலையாளியைப் பிடிக்கப் பவேரிய மன்னர் 10,000 கில்டர் பரிசு அறிவித்தார். யாரும் சிக்கவில்லை.

சந்தேகம் அப்போதே கிளம்பியது. சீட்டில் இருந்த எழுத்துப் பிழைகள் காஸ்பர் வழக்கமாகச் செய்பவை. அது மடிக்கப்பட்டிருந்த முக்கோண விதமும் அவனுடையதுதான் என்றார் மேயரின் மனைவி. கைவிட்டுப் போன கவனத்தைத் திரும்பப் பெற அவனே குத்திக்கொண்டான், அது அளவுக்கு மீறி ஆழமாகப் போய்விட்டது என்பது ஒரு தரப்பு. இல்லை, அரசியல் கொலைதான் என்பது மறுதரப்பு. காயத்தைப் பார்த்த மருத்துவர்களுமே ஒரே கருத்துக்கு வரவில்லை. ஒருகாலத்தில் கொஞ்சிய ஸ்டான்ஹோப், அவன் இறந்த பிறகு அவனை ஏமாற்றுக்காரன் என்று காட்டப் புத்தகமே எழுதினார். டௌமர் கடைசிவரை அவன் பக்கம் நின்றார்.

டி.என்.ஏ என்ன சொன்னது?

காஸ்பரின் ரத்தக்கறை படிந்த துணிகள் ஆன்ஸ்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1996-ல் அந்தக் கறையிலிருந்து மைட்டோகாண்ட்ரியல் டி.என்.ஏ எடுத்துச் சோதித்தார்கள். இது அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். காஸ்பர் இளவரசன் என்றால், ஸ்டெஃபானியின் பெண்வழி வாரிசுகளோடு அது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை.

2002-ல் அவன் முடி, உடைமைகளிலிருந்து எடுத்த மாதிரிகளை வேறு குழு சோதித்தது. இந்த முறை முடிவு பாடன் குடும்பத்துக்கு நெருக்கமாக வந்தது! வதந்திக்கு மறுபடி உயிர் வந்தது.

2024-ல் வெளியான ஆய்வு புதிய தொழில்நுட்பத்தோடு முடிகளை மீண்டும் சோதித்தது. முடியும் 1996-ல் சோதித்த ரத்தமும் ஒரே ஆளுடையவை என்ற முடிவோடு பொருந்தின. பாடன் வம்சத்தோடு பொருந்தவில்லை. ஆக, இளவரசன் கதை முடிந்தது. ஆனால் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதை டி.என்.ஏ சொல்லவில்லை.

இன்றைக்கும் ஏன் பேசுகிறோம்?

காஸ்பர் இறந்த பிறகும் அவனைச் சுற்றிக் கதைகள் பெருகின. 1908-ல் யாக்கோப் வாசர்மன் எழுதிய நாவல், 1974-ல் வெர்னர் ஹெர்சாக் எடுத்த திரைப்படம் இரண்டும் உலகப் புகழ் பெற்றவை. விலங்குகளைப் பிறந்ததிலிருந்து தனிமையில் வளர்த்து நடத்தையை ஆராயும் சோதனைக்கே விஞ்ஞானிகள் அவன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

சரி, அவன் சொன்னது உண்மையா? பல வருடம் இருட்டில், வெறும் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் சாப்பிட்ட குழந்தை அவ்வளவு ஆரோக்கியமாக இருக்க முடியாது, அவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்ளவும் முடியாது என்கிறார்கள் மருத்துவ நிபுணர்கள். அவன் கையில் அம்மை குத்திய தழும்பு இருந்தது. யாரோ ஒருவர் அந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார். அவன் சொன்னதில் மிகைப்படுத்தலும் பொய்யும் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனா, அதோடு விஷயம் முடிஞ்சிடுதா? யாரோ ஒருவர் ஒரு பதின்வயதுப் பையனைத் தெரியாத ஊரில், தூக்கில் போட்டாலும் பரவாயில்லை என்ற கடிதத்தோடு விட்டுப் போனார். அது நடந்தது உண்மை. அதன்பிறகு வந்தவர்கள் அவனைக் காட்சிப்பொருளாக்கினார்கள், சோதனைப்பொருளாக்கினார்கள், இளவரசனாக்கினார்கள், அலுத்தபோது அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். கதை சொன்னால்தான் தன்னைக் கவனிப்பார்கள் என்று ஒரு பையன் கற்றுக்கொண்டிருந்தால், அதைக் கற்றுக்கொடுத்தது யார்?

மர்ம நாவலில் நமக்குத் தேவை ஒரு விடை: அவன் யார்? அந்த விடையைத் தேடி 200 வருடங்கள் போகப்போகின்றன. ஃபாயர்பாக் கேட்ட கேள்விக்குத்தான் அவன் இளவரசனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆன்ஸ்பாக் கல்லறையில் இருக்கும் கல், அவன் பிறப்பும் தெரியாது, இறப்பும் புதிர் என்கிறது. நடுவில் இருந்த ஐந்தரை வருடம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஐந்தரை வருடமும் அவன் எல்லோர் கண்முன்னாலும்தான் இருந்தான்.