ஆல் ஸ்மித்

ஆல்பிரட் இமானுவேல் ஸ்மித் (டிசம்பர் 30, 1873 - அக்டோபர் 4, 1944), ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநில ஆளுனராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல்வாதி ஆவார். ஆல் ஸ்மித் என்றே பரவலாக அறியப்பட்டார். 1928 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஹெர்பர்ட் ஹூவரிடம் தோற்றவர் என்றே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். எனினும் மாநிலச் சட்டமன்றத்தில் தொழிலாளர் சட்டங்களுக்காக இவர் ஆற்றிய பணியே கூடுதல் கவனத்துக்கு உரியது.

இளமை

நியூயார்க் நகரின் கீழ்க் கிழக்குப் பகுதியில் பிறந்தார். தந்தை வண்டியோட்டி. அவர் இறந்தபின் பள்ளிப் படிப்பைக் கைவிட்ட ஸ்மித், புல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்தார். சனநாயகக் கட்சியின் நகர அமைப்பான டாமனி ஹாலின் ஆதரவுடன் தேர்தலில் வென்று 1904 இல் சட்டமன்றக் கீழவையில் நுழைந்தார். தொடக்கத்தில் சட்ட முன்வரைவுகளின் மொழி இவருக்கு விளங்கவில்லை. இரவுகளில் அவற்றைத் தாமே படித்துக் கற்றுக்கொண்டார்.

தொழிற்சாலை ஆய்வு ஆணையம்

மார்ச் 24, 1911 அன்று, மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் செல்லாது என மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாள் நியூயார்க் நகரின் டிரயாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றி 146 பேர் இறந்தனர். இறந்தோரில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். வெளியேறும் கதவுகளுள் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. இதையடுத்து அமைக்கப்பட்ட தொழிற்சாலை ஆய்வு ஆணையத்துக்கு ராபர்ட் வாக்னர் தலைவராகவும், அப்போது கீழவைப் பெரும்பான்மைத் தலைவராக இருந்த ஸ்மித் துணைத் தலைவராகவும் பொறுப்பேற்றனர்.

ஆணையம் தீப்பாதுகாப்போடு நிற்கவில்லை. பபலோ, ராச்செஸ்டர் முதலிய நகரங்களிலும் விசாரணை நடத்தியது. பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அதன் உறுப்பினர்களை ஆலைகளுக்கு நேரில் அழைத்துச் சென்று, இரவுப் பணி முடித்து வரும் பெண்களையும் வேலை செய்யும் சிறுவர்களையும் காணச் செய்தார். இவரே பின்னாளில் நாட்டின் முதல் பெண் அமைச்சரானார்.

எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. காய்கனிகளைத் தகரக் குவளைகளில் அடைக்கும் ஆலைகளின் உரிமையாளர்கள், விளைச்சல் அழுகிவிடும் என்று கூறி விலக்குக் கோரினர். பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியாகக் குறைத்த 1912 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. பின்னர் வார ஓய்வு நாளிலிருந்தும் விலக்குக் கேட்டபோது, ஓய்வு நாள் பற்றிய விவிலியக் கட்டளையில் இவ்வாலைகளுக்கு விலக்கு ஏதும் இல்லை என்று ஸ்மித் அவையில் சுட்டிக்காட்டினார். 1913 இல் இவர் அவைத் தலைவரானார். அதே ஆண்டு வாக்காளர்கள் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்ததால், இழப்பீட்டுச் சட்டம் மீண்டும் இயற்றப்பட்டது.

ஆளுனராக

1919-1920, 1923-1928 ஆகிய காலங்களில் ஆளுனராக இருந்தார். 1920 இல் கீழவை தன் ஐந்து சோசலிச உறுப்பினர்களை வெளியேற்றியது. அவர்களது கொள்கையை ஏற்காத ஸ்மித், வாக்காளரின் உரிமை பறிக்கப்பட்டதாகக் கருதி இதை எதிர்த்தார். அவர் அழைத்த இடைத்தேர்தலில் ஐவரும் மீண்டும் வென்றனர். எனினும் அவை அவர்களுள் மூவரைத் திரும்பவும் வெளியேற்ற, ஏனைய இருவர் பதவி விலகினர். குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை தன் திட்டங்களைத் தடுத்தபோது, இவர் வானொலி வழியாக மக்களிடம் நேரடியாக முறையிட்டார். நீர்மின் வளம் மாநில உடைமையாக இருக்கவேண்டும் என்பது அத்தகைய வாதங்களுள் ஒன்று.

பிற்காலம்

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைக் கட்டிய நிறுவனத்தின் தலைவராகப் பணியாற்றினார். மாநில அளவில் தொழிலாளர் சட்டங்களை முன்னெடுத்த இவர், பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டின் புதிய ஒப்பந்தத் திட்டங்களை நடுவண் அரசின் அத்துமீறல் எனக் கருதி எதிர்த்தார். 1936 தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரை ஆதரித்தார். அப்போது ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தவர் பெர்க்கின்ஸ்.