திமிங்கிலக் குட்டியின் குருதியும் தளபதி கூஸ்தோவின் கமராவும்

கடலுக்கு அடியில் கமராவைக் கொண்டு சென்றவர்கள் பலர். ஆயினும் அக்கமராவின் வழியே கடலை உலகத்தாரின் வீட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் என ஒருவரைச் சொல்ல வேண்டுமாயின், அவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாயிருந்த ஜாக் ஈவ் கூஸ்தோவே ஆவார். சிவப்புக் கம்பளித் தொப்பியும் ஒடுங்கிய முகமும் கொண்ட அந்த மனிதரை எமது மூத்த வாசகர்களிற் பலர் தொலைக்காட்சியிற் கண்டிருப்பர். 1997 ஜூன் 25ஆம் திகதி தமது 87ஆவது வயதில் அவர் பாரிஸில் காலமானபோது சூட்டப்பட்ட புகழ்மாலைகளை நாம் இங்கு மீண்டும் தொடுக்கப் போவதில்லை. பெரிய கடல் உயிரினங்களை மதிக்க வேண்டும் என்று உலகுக்கு எடுத்துச் சொன்ன அவர், அப்பாடத்தைத் தாம் எவ்வளவு தாமதமாகவும் எத்தகைய தவறுகளினூடாகவும் கற்றார் என்பதே இங்கு எமது அக்கறையாகும்.

1910 ஜூன் 11ஆம் திகதி பிரான்ஸின் போர்தோ நகருக்கு அண்மையிலுள்ள செந்த் ஆந்திரே த கியூப்சாக் என்னும் சிற்றூரில் கூஸ்தோ பிறந்தார். 1930இல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்த அவருக்கு விமானியாக வேண்டுமென்பதே விருப்பம். 1936இல் நேர்ந்த மோட்டார் வாகன விபத்து அந்த விருப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. முறிந்த கைகளுக்கு மீண்டும் வலுவேற்றுவதற்காகத் துலோன் துறைமுகப் பகுதியில் நீந்திக்கொண்டிருந்தவருக்குச் சக அதிகாரியான பிலிப் தையே நீர்க்கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். அதை அணிந்து நீருக்குள் முகத்தைத் தாழ்த்திய அக்கணமே அவரது வாழ்வின் திசை மாறிற்று.

ஆனால் அவர்கள் கடலுக்குள் இறங்கியது முதலில் வேட்டைக்காகவே என்பதை மறத்தலாகாது. கூஸ்தோ, தையே, பிரெடெரிக் துமா ஆகிய மூவரும் ஈட்டியால் மீன் குத்துவதில் வல்லவர்கள். அவ்வேட்டையைப் படம் பிடிக்கும் ஆசையே அவரது முதற் படத்துக்குக் காரணமாயிற்று. யுத்த காலத்தில் திரைப்படச் சுருள் கிடைக்காத நிலையில், புகைப்படச் சுருள்களை வாங்கி இருட்டில் ஒன்றோடொன்று ஒட்டி அவர் அப்படத்தை எடுத்தார்.

1943இல் பொறியியலாளர் எமில் கன்யானுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய சுவாசக் கருவி, சுழியோடும் முறையையே மாற்றியமைத்தது. அதற்கு முன்னர் ஆழத்தில் நெடுநேரம் பணிபுரிந்த சுழியோடிகள் பெரும்பாலும் கனத்த உலோகத் தலைக்கவசம் பூண்டு, மேலிருந்து வரும் காற்றுக் குழாயிற் கட்டுண்டு கிடந்தனர். புதிய கருவியோ, முதுகிற் சுமக்கும் உருளையில் அடைத்த காற்றை, சுழியோடி மூச்சை இழுக்கும்போது மாத்திரம், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாக விடுவித்தது. பெற்றோல் தட்டுப்பாட்டால் எரிவாயுவில் ஓடிய மோட்டார் வாகனங்களுக்கெனக் கன்யான் செய்திருந்த வால்வே இதன் மூலம் என்பது சுவையான செய்தி. மனிதன் முதன்முறையாக மீனைப் போலக் கிடையாக நீந்தி, பெரிய விலங்கின் பக்கத்திலேயே நெடுநேரம் நிற்கக் கூடியவனானான். அவ்வாறு நிற்கும்போது எப்படி நடந்துகொள்வது என்பதை மட்டும் எவரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

முன்னாள் கண்ணிவாரிக் கப்பலான கலிப்சோ 1950இல் அவர் வசமாயிற்று. பிரித்தானியச் செல்வந்தர் ஒருவர் அதனைப் பெயரளவிலான வாடகைக்கு அவருக்கு வழங்கினார். கூஸ்தோவின் மனைவி சிமோன், தம் கணவரை விடவும் கூடுதலான நாட்களை அக்கப்பலிற் கழித்தவர். கமராவுக்கு முன் வர விரும்பாத அப்பெண்மணியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

கலிப்சோவில் செங்கடலிலும் இந்து சமுத்திரத்திலும் திரிந்து எடுக்கப்பட்டதே 'மௌன உலகம்' என்னும் படம். இளைஞரான லூயி மால் அதன் இணை இயக்குநர். 1956இல் கான் விழாவின் உயர்விருதையும் மறு ஆண்டு ஒஸ்கார் விருதையும் அது வென்றது. இன்று அதனைப் பார்ப்பவர் திகைத்துப் போவர். ஸ்பேர்ம் திமிங்கிலக் கூட்டம் ஒன்றை நெருங்கிச் செல்கிறது கப்பல். குட்டி ஒன்று கப்பலின் விசிறியில் அகப்பட்டு வெட்டுண்கிறது. துன்பத்தை முடித்து வைப்பதற்கென அதனைச் சுட்டுக் கொல்கின்றனர். குருதியின் மணத்துக்குச் சுறாக்கள் கூடி உடலைக் கிழிக்கத் தொடங்கியதும், மாலுமிகள் வெறி கொண்டவர்களாய் அச்சுறாக்களைக் கொக்கியால் மேலே இழுத்துக் கோடரியால் அடித்துக் கொல்கின்றனர். கடலோடிகளுக்குச் சுறாவின் மீதுள்ள பழம்பகையே அதற்கு நியாயமாகச் சொல்லப்படுகிறது. குட்டியைக் கொன்றது சுறாவன்று, கப்பல் என்பது அங்கிருந்த எவருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. வேறோரிடத்தில், மீனினங்களைக் கணக்கெடுப்பதற்கென முருகைக்கற்பாறையில் வெடி வைக்கின்றனர். கரையில் ஆமைகளின் முதுகில் ஏறி அமர்ந்து வேடிக்கை காட்டுகின்றனர்.

அதே படத்தில் ஜோஜோ எனப் பெயரிடப்பட்ட பெரிய கலவாய் மீனும் வருகிறது. சுழியோடிகள் உணவூட்டிப் பழக்கியதால் அது அவர்களை விட்டகலாது பின்தொடர்ந்து, ஈற்றில் படப்பிடிப்புக்கே இடையூறாயிற்று. சுறாவுக்கு அஞ்சி மனிதர் தமக்கெனக் கொண்டுசென்ற கூண்டுக்குள் அம்மீனை அடைத்து வைக்க வேண்டியதாயிற்று! அரங்குகளில் மக்கள் சிரித்து மகிழ்ந்த காட்சி அது. கடல்வாழ் உயிர்களுக்கு உணவூட்டாதீர் எனச் சுழியோடிகளுக்கு இன்று கூறப்படுவதன் காரணத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் காட்சியை நாம் அறியோம்.

இப்படம் வெளியான 1956ஆம் ஆண்டில்தான் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் எமது நாட்டில் வந்து குடியேறினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவரும் அவரது தோழர் மைக் வில்சனும் கூஸ்தோவின் கருவி திறந்துவிட்ட அதே வழியில் திருகோணமலைக் கடலில் இறங்கியபோதே, சுவாமி மலையின் அடிவாரத்தில் கோணேசர் ஆலயத்தின் மூழ்கிய சிதைவுகளைக் கண்டனர்.

கூஸ்தோவின் மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1957இல் மொனாக்கோ சமுத்திரவியல் அரும்பொருளகத்தின் பணிப்பாளராகிய அவர், 1960இல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவைக் கொட்டும் திட்டத்தை எதிர்த்துப் பகிரங்கமாகக் கிளம்பினார். தாம் முதலில் மூழ்கிய இடங்களில் மீன்கள் அருகிப் போனதைக் கண்ணாற் கண்டமையே அவரை உலுக்கியது எனலாம். 1968 முதல் 1976 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளியான தொடர் அவரை உலகறிந்தவராக்கிற்று. அத்தொடரிலும் குறைகள் இல்லாமலில்லை. திமிங்கிலத்தின் முதுகைப் பற்றிச் சவாரி செய்யும் சுழியோடிகளை அதிலும் காண்கிறோம். எனினும் அவ்விலங்குகளைப் பற்றிப் பேசும் தொனி மாறிவிட்டிருந்தது. 1973இல் தமது பெயரில் ஒரு சங்கத்தை நிறுவினார். அண்டார்டிக்காவைக் காக்க இலட்சக்கணக்கானோரின் கையொப்பங்களைத் திரட்டினார். அங்கு கனிய அகழ்வைத் தடை செய்யும் மாட்ரிட் உடன்படிக்கை 1991இல் கைச்சாத்தானதில் அவருக்கும் பங்குண்டு.

அவரது பழைய படத்தை மறைக்க வேண்டுமென்போரும், அதைக் காட்டியே அவரது பெயரை அழிக்க வேண்டுமென்போரும் உளர். நாம் இரு சாராரோடும் உடன்படவில்லை. அவர் அக்காட்சிகளை வெட்டியெறியாது விட்டதனாலேயே இன்று அவற்றை வைத்து நாம் வாதிட முடிகிறது. அவுஸ்திரேலியாவின் நிங்கலூ கடலில் புள்ளிச்சுறாவுடன் நீந்துவோர் அதன் உடலிலிருந்து 3 மீற்றரும் வாலிலிருந்து 4 மீற்றரும் விலகியிருக்க வேண்டும். தொடுதலும் ஆகாது, மின்னொளி பாய்ச்சிப் படமெடுத்தலும் ஆகாது. அனுபவமுள்ள படப்பிடிப்பாளர் விலங்கைத் துரத்துவதில்லை. அதன் பாதையை மறிக்காமல் ஒருபுறமாக அசையாது காத்திருப்பர். துரத்தியவனுக்குக் கிடைப்பது விலகியோடும் வாலின் படம் மாத்திரமே.

எமது கடலிலோ விசிறியின் கதை இன்னும் முடிந்தபாடில்லை. திமிங்கிலங்களைப் பார்க்கச் செல்லும் படகுகள் 100 மீற்றருக்குள் நெருங்கலாகாது என 2012இல் ஒழுங்குவிதி கொண்டுவரப்பட்டது. ஆயினும் தெய்வேந்திர முனைக்குத் தெற்கேயுள்ள கப்பற்பாதை நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் நீர்ப்பரப்பினூடே செல்வதால், அவை கப்பலில் மோதுண்டு மடிகின்றன. 2022இல் பெரும் கொள்கலன் கப்பல் நிறுவனமொன்று தனது கப்பல்களைத் தானாகவே மேலும் தெற்கே விலக்கிச் செலுத்தத் தொடங்கியது.

கூஸ்தோவின் இறுதி ஆண்டுகள் இழப்புகளால் நிறைந்தவை. உடன் படமெடுத்த இளைய மகன் பிலிப் 1979இல் லிஸ்பன் அருகே விமான விபத்தில் மாண்டார். 1990இல் சிமோன் மறைந்தார். 1996 ஜனவரியில் சிங்கப்பூர் துறைமுகத்தில் பாரப்படகு ஒன்று மோதியதில் கலிப்சோவும் மூழ்கியது. அதனை வெளியே எடுத்தார்களாயினும் அது பின்னர் அவருடன் கடலோடவில்லை. அடுத்த ஆண்டு அவரது உடல், கடலில் அன்றி, பிறந்த ஊரின் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.